குதிரைக் கௌசலா

குதிரை தாண்டுவதில் வன்னியில் யார் முதல் என்று கேட்டால், அந்த நாட்களில் வட்டக்கச்சியில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூடக் கௌசலாவின் பெயரைத்தான் சொல்லும். கௌசலாவிடமே போய் அதைச் சொன்னால் அவள் சிரிப்பாள்.

"வன்னி முழுக்கத் தேடினாலும் அஞ்சு குதிரைதான். அஞ்சில முதலாவதா வாறது பெரிய வேலையோ?" என்பாள். கொஞ்சம் விட்டு, "எண்டாலும் மற்ற நாலு பேரையும் கேட்டுப் பாருங்கோ, லேசெண்டு சொல்லுகினமோ எண்டு" என்றும் சேர்த்துக்கொள்வாள்.

அவளுடைய குதிரை செம்பி வன்னிக்கு வந்து சேர்ந்ததே ஒரு பிடிவாதத்தால்தான். தொண்ணூறாம் ஆண்டு போருக்குப் பயந்து நெடுந்தீவை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்களில் ஐயாத்துரையின் குடும்பமும் ஒன்று. அவர், மனைவி ஞானேஸ்வரி, ஒரே மகள் கௌசலா. அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. வத்தைப் படகில் ஏறும்போது ஒருவர் தையல் மெசினைக் கொண்டுவந்தார், இன்னொருவர் கோழிக்கூட்டைக் கொண்டுவந்தார். செம்பி கௌசலாவின் பின்னால் வந்து, வயிறு நனையக் கடலுக்குள் இறங்கி நின்றது. தீவில் எத்தனையோ குதிரைகள் கேட்பாரற்றுத் திரிந்தன. அவற்றில் இது ஒன்றைத்தான் குட்டியிலிருந்து பிடித்து வளர்த்திருந்தாள். தண்ணீர் எடுக்க, கடைக்குப் போக, எல்லாவற்றுக்கும் அதன் முதுகில்தான் போவாள். தீவின் கல்வேலிகளைச் சுற்றிப் போக இருவருக்கும் பொறுமை கிடையாது. தாண்டித்தான் போவார்கள்.

"குதிரைக்கெல்லாம் இடமில்லைப் பிள்ளை" என்றார் வத்தைக்காரர்.

"அப்ப எனக்கும் வேண்டாம்" என்று கௌசலா தண்ணீருக்குள் குதித்துவிட்டாள்.

ஐயாத்துரை கத்தினார், ஞானேஸ்வரி அழுதாள். கடைசியில் வத்தைக்காரர்தான் இறங்கி வந்தார். நனைந்த சாக்குகளை நடுவில் விரித்து, ஞானேஸ்வரியின் பழைய சேலையால் கண்ணைக் கட்டி, செம்பியை நிறுத்தினார்கள். நாச்சிக்குடாவில் கரை இறங்கும் வரை அது ஒரு கால்கூடப் பெயர்த்து வைக்கவில்லை.

ஞானேஸ்வரியின் தமையன் ஏரம்பு வட்டக்கச்சியில் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வயல் செய்துகொண்டிருந்தார். தன் வளவில் ஒரு மூலையைக் காட்டி, "கொட்டில் போட்டுக்கொண்டு இருங்கோ" என்றார். பக்கத்தில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கும் எடுத்துக் கொடுத்தார். ஏரம்பு சவாரிப் பைத்தியம். சோடி மாட்டு வண்டிலை விரட்டுவதைத் தவிர உலகத்தில் வேறு விளையாட்டு இருப்பதாகவே அவர் நம்பவில்லை. செம்பியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது உழவுக்கும் உதவாது, வண்டிலுக்கும் உயரம் காணாது. இதை வைச்சு என்ன செய்யப்போறாய் மருமகள்?" என்று கேட்டார்.

"ஒண்டும் செய்யப்போறதில்லை மாமா. அது சும்மா நிக்கட்டும்."

செம்பி சும்மா நிற்கவில்லை. இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் வயலெல்லாம் பச்சை பிடித்தது. கல்வேலி தாண்டிப் பழகிய குதிரைக்கு வன்னியின் முள்ளுத்தடி அடைத்த அலம்பல் வேலி எந்த மூலைக்கு? இராத்திரியில் யாராவது ஒருவருடைய வயலில் நிற்கும். விடிந்தால் சண்டை வரும். சண்டை பொறுக்காமல் ஐயாத்துரை அதை விற்றுவிட வேண்டும் என்று நின்றார். கௌசலா அதற்கு வேலை காட்டினாள். தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழியில் பெரிய வாய்க்கால் ஒன்று குறுக்கே ஓடியது. பாலம் கால் மைலுக்கு அப்பால் இருந்தது. அவள் சாப்பாட்டுப் பையை முதுகில் கட்டிக்கொண்டு செம்பியில் ஏறி, வாய்க்காலை ஒரே தாண்டில் தாண்டினாள். சோறு சூடாகப் போய்ச் சேர்ந்தது. ஐயாத்துரை அதன் பிறகு விற்கிற கதையை எடுக்கவில்லை.

ஒரு நாள் அப்படித் தாண்டி இறங்கும்போது, அக்கரையில் நெல்மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று நின்றிருந்தது. அதை ஓட்டி வந்தவன் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கறுத்த, மெலிந்த, முப்பதை எட்டாத ஆள்.

"நல்லாத் தாண்டுதுங்க" என்றான். "ஆனா தாண்டுற நேரத்துல நீங்க கயித்த இழுத்துப் புடிக்கிறீங்க. அதுக்கு வாய் வலிக்குமுங்க."

பேச்சிலேயே மலைநாட்டு ஆள் என்று தெரிந்தது. கௌசலாவுக்குக் கோபம் வந்தது. "குதிரை என்ரை. வாய் அதின்ரை. உங்களுக்கேன் வலிக்குது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆனால் திரும்பி வரும்போது, யாரும் பார்க்காத இடத்தில், கயிற்றைத் தளர்த்தி விட்டுப் பார்த்தாள். செம்பி முன்னெப்போதும் இல்லாதபடி கழுத்தை நீட்டி, ஒரு முழம் கூடுதலாகத் தாண்டியது. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

அந்த ஆளின் பெயர் மாயாண்டி. சாந்தபுரத்தில் தாய் மீனம்மாவோடு இருந்தான். எண்பத்து மூன்று வரை நுவரெலியாவில் ஒரு லாயத்தில் வேலை பார்த்தவன். வசந்த காலத்தில் அங்கே குதிரை தாண்டும் போட்டி நடக்கும். பெரிய இடத்துப் பிள்ளைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து தாண்டுவார்கள். அதற்கு முந்திய மாதமெல்லாம், பனி விலகாத காலையில், அந்தக் குதிரைகளைத் தாண்டிப் பழக்குவது மாயாண்டி. கலவரத்தில் வீடு போனபின் தாயைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து, இப்போது பரமேஸ்வரன் முதலாளியின் அரிசி மில்லில் நின்றான். முதலாளி, தீவிலிருந்து வந்த இன்னொரு குடும்பத்திடம் ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கியிருந்தார். மில் வாசலில் குதிரை நின்றால் ஒரு மதிப்பு என்பது அவருடைய எண்ணம். அதைப் பார்த்துக்கொள்வதும் மாயாண்டிதான். வெள்ளையன் என்று கூப்பிடுவான்.

போட்டி வைக்கிற யோசனை அவனுடையதுதான். தொண்ணூற்று மூன்று தைப்பொங்கல் சவாரிக்கு ஒழுங்கு நடந்துகொண்டிருந்தபோது ஏரம்புவிடம் வந்து கேட்டான். முதலில் ஏரம்பு சிரித்தார். பிறகு, சவாரிக்கும் சவாரிக்கும் இடையில் மாடு மாற்றுகிற நேரத்தில் சனம் கலைந்துவிடாமல் இருக்க ஏதாவது வேண்டும்தானே என்று சம்மதித்தார். முழங்காவிலில் இரண்டு, தருமபுரத்தில் ஒன்று, மில்லில் ஒன்று, தன் வளவில் ஒன்று என்று வன்னியின் குதிரைக் கணக்கை அவரே எடுத்தார்.

மாயாண்டி காட்டுத்தடிகளை வெட்டிப் பட்டை உரித்து, சுண்ணாம்பும் செங்கல்தூளும் மாறி மாறிப் பூசினான். கவட்டுக் கம்புகளின் மேல், தட்டினால் விழுகிற மாதிரி, திடலில் எட்டு இடத்தில் வைத்தான். பிறகு ஒலிபெருக்கியில் விதியைச் சொன்னான். "தடி விழுந்தா நாலு பிழைப்புள்ளி. குதிர தாண்டாம நின்னா மூணு. கடைசில யாருக்குக் கொறஞ்ச புள்ளியோ அவங்கதான் மொதல்."

சனத்துக்கு இது பிடிபடவேயில்லை. "குறையப் புள்ளி எடுத்தவனோ வெல்லுறது? இதென்ன தலைகீழ்க் கணக்கு!" என்று ஒரு கிழவர் எழும்பி நின்று சண்டை பிடித்தார்.

கௌசலா இரட்டைப் பாவாடை மாதிரி, காற்சட்டை மாதிரி, இரண்டும் இல்லாத ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஞானேஸ்வரி பழைய யன்னல் சீலையில் தைத்துக் கொடுத்தது. குமர்ப்பிள்ளை குதிரையில் ஏறி ஆயிரம் பேருக்கு முன் துள்ளுவதா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஞானேஸ்வரி அவர்களுக்குக் கேட்கும்படியாகவே, "வாய்க்காலைத் தாண்டேக்க ஒருத்தரும் பேசேல்லை. தடியைத் தாண்டினாத்தான் குற்றமோ?" என்றாள்.

அன்று கௌசலா மூன்று தடி விழுத்தினாள். பன்னிரண்டு புள்ளி. வெள்ளையன் ஒன்றும் விழுத்தவில்லை. அடுத்த பொங்கலிலும் அதே கதைதான். இரண்டு தடி, எட்டுப் புள்ளி, இரண்டாம் இடம். மாயாண்டி குதிரையை விட்டிறங்கி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க" என்று திரும்பிப் போனான்.

அந்த வருடம் முழுக்க அவள் அதே நினைவாகத் திரிந்தாள். வாய்க்காலைப் பிசகாமல் தாண்டுகிற செம்பி தடியை ஏன் தட்டுகிறது? மாமாவின் வளவுக்குப் பின்னால் நாலைந்து தடிகளை நட்டு, நெல் வெட்டி முடிந்த வயலில், வெயில் தாழ்ந்ததும் ஓடிப் பார்த்தாள். பல நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. வலப்பக்கமாகத் திரும்பி வந்தால் செம்பி தட்டுவதேயில்லை. இடப்பக்கம் திரும்பி வரும்போது மட்டும் பின்னங்கால் தொங்குகிறது. தீவில் தண்ணீருக்குப் போகிற பாதை முழுக்க வலப்பக்கத் திருப்பம். இடப்பக்கம் திரும்ப அதற்குப் பழக்கமே இல்லை. கௌசலா வயலில் நின்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அன்று தொடங்கி எங்கே போனாலும் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போனாள். சங்கக் கடைக்குச் சீனி வாங்கப் போனால்கூட மூன்று ஒழுங்கை சுற்றித்தான் போவாள். பார்த்தவர்கள் பிள்ளைக்கு என்னவோ பிடித்துவிட்டது என்றார்கள்.

தொண்ணூற்று ஐந்து சித்திரைக்குத் திடலில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. சண்டை நின்றிருந்த மாதங்கள் அவை. யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஐஸ்பழ வண்டில்கூட வந்திருந்தது. கௌசலா திடலுக்குள் இறங்கினாள். இடப்பக்கத் திருப்பத்தில், முன்னைப்போல் அடித்து விரட்டாமல், அகலமாக வளைத்து எடுத்து, நேராக்கி, கயிற்றை விட்டுக்கொடுத்தாள். செம்பியின் காது இரண்டும் முன்னுக்கு நின்றன. ஐந்தாவது தடி, ஆறாவது தடி, ஏழாவது தடி. எட்டாவதைத் தாண்டி இறங்கிய பிறகுதான் தன் மூச்சு நின்றிருந்தது அவளுக்குத் தெரிந்தது. ஒரு தடியும் விழவில்லை. வெள்ளையன் இரண்டாவதிலேயே ஒன்றை விழுத்தியது.

பரிசு, ஊருக்கே சமைக்கலாம் போன்ற ஒரு அலுமினியக் கிடாரம். அதை இரண்டு பேர் தூக்கி வந்து கொடுத்தார்கள். மாயாண்டி கிட்ட வந்தான். "எடது பக்கம், இல்லைங்களா?" என்றான்.

கௌசலா திடுக்கிட்டாள். "உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"போன வருசப் பொங்கலுக்கே தெரியும்ங்க. சொல்லத்தான் வந்தேன். நீங்க பார்த்த பார்வையில ஓடிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல காலம் சொல்லேல்லை. சொல்லியிருந்தா இது நான் வெண்டதாயிராது" என்றாள்.

அதற்குப் பிறகு இருவரும் குளக்கட்டடியில் சந்தித்தால் நின்று கதைப்பார்கள். முதலில் குதிரைக்குக் கொள்ளு எங்கே கிடைக்கும், குளம்புக்கு என்ன பூசுவது என்ற கதை. பிறகு வேறு கதை. ஊர் அதைக் கண்டது, ஐயாத்துரையும் கேள்விப்பட்டார். "அவங்கள் தோட்டப் பகுதி ஆக்கள். நாங்கள் ஆர், அவங்கள் ஆர்" என்று ஒரு நாள் முற்றத்தில் நின்று பொதுவாகச் சொன்னார். கௌசலா செம்பியை அவிழ்த்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சிப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. மில் பூட்டப்பட்டது. பரமேஸ்வரன் முதலாளி வவுனியாவுக்குப் போகப் புறப்பட்டார். வெள்ளையனை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "இனி உன்ரைதான் மாயாண்டி, நல்லாப் பார்" என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஏரம்பு குடும்பமும் ஐயாத்துரை குடும்பமும் வண்டிலில் சாமான் ஏற்றிக்கொண்டு துணுக்காய்ப் பக்கம் போனார்கள். காட்டு வழியில், மழைச் சேற்றில், ஏரம்புவின் சவாரி மாடுகள் இழுக்க மாட்டாமல் நின்றுவிட்டன. ஓட்டத்துக்குப் பழகிய மாடுகளுக்குப் பாரம் இழுக்கத் தெரியவில்லை. பின்னால் தாயோடு வந்துகொண்டிருந்த மாயாண்டி வெள்ளையனையும் செம்பியையும் முன்னால் சேர்த்துக் கட்டினான். வண்டில் கிளம்பியது. மேலே கிடாரத்துக்குள் மீனம்மாவின் சமையல் சாமானும் ஞானேஸ்வரியின் சமையல் சாமானும் ஒன்றாகக் கிடந்து கடகடவென்று ஆடின.

துணுக்காயில் அடுத்தடுத்த இரண்டு பாலை மரங்களின் கீழ் கொட்டில் போட்டார்கள். ஒன்றில் ஐயாத்துரை ஆட்கள், மற்றதில் மீனம்மாவும் மாயாண்டியும். அந்த மாரி முழுக்க மலேரியா. ஐயாத்துரைக்கு நடுக்கக் காய்ச்சல் வந்து போட்டுப் பிடுங்கியது. சோறு இறங்கவில்லை. எது குடித்தாலும் கைத்தது. ஒரு காலை மீனம்மா ஒரு கோப்பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"தேத்தண்ணிங்க. குடிச்சுப் பாருங்க அண்ணே."

ஐயாத்துரை மறுபக்கம் திரும்பிப் படுத்தார். ஆனால் அந்த வாசம் அவரை விடவில்லை. அன்றைக்குக் கடையில் கிடைத்த தேயிலைத் தூசியில் பாதி மண். அதே தூசியில்தான் ஞானேஸ்வரியும் போடுகிறாள். அது கழனித் தண்ணீர் மாதிரி இருக்கும். மீனம்மா எத்தனையோ வருடம் கொழுந்து பறித்த கைக்காரி. கொஞ்ச இஞ்சியைத் தட்டிப் போட்டு, எவ்வளவு நேரம் மூடி வைக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் மூடி வைத்து வடிப்பாள். ஐயாத்துரை எழும்பி ஒரு மிடறு குடித்தார். பிறகு கோப்பையை ஒட்ட உறிஞ்சிவிட்டு, யாரையும் பார்க்காமல், "இன்னும் கொஞ்சம் கிடக்கோ?" என்று கேட்டார்.

காய்ச்சல் போயிற்று, தேத்தண்ணிப் பழக்கம் போகவில்லை. விடிந்தால் அடுத்த மரத்துக் கொட்டில் வாசலில் போய்க் குந்திக்கொண்டு, நெடுந்தீவுக் கதையெல்லாம் மீனம்மாவுக்குச் சொல்லுவார். ஞானேஸ்வரி இங்கே இருந்து மகளைப் பார்த்துச் சிரிப்பாள். "நாங்கள் ஆர், அவங்கள் ஆர் எண்டு கேட்ட மனிசன், பார்."

தொண்ணூற்று எட்டு சித்திரைக்குத் துணுக்காயிலேயே சவாரி வைப்பது என்று ஏரம்பு முடிவெடுத்தார். "சனம் சிரிச்சுக் கனகாலம்" என்றார். ஐந்து குதிரையும் இடம்பெயர்ந்து அந்தப் பக்கத்தில்தான் நின்றன. அந்தக் கிழமைதான் மாயாண்டி துணிந்து ஐயாத்துரையிடம் பெண் கேட்டு வாயைத் திறந்தான். ஐயாத்துரைக்கு உள்ளுக்குள் சம்மதம். ஆனால் இவ்வளவு நாள் பேசிய பேச்சை எங்கே கொண்டுபோய் வைப்பது? மச்சான் ஏரம்புவும் அருகில் இருந்தார். யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சித்திரைப் போட்டியில நீ என்ரை மகளை வெண்டு காட்டு. கட்டித் தாறன்" என்றார்.

ஞானேஸ்வரி சொல்லித்தான் கௌசலாவுக்கு இது தெரிந்தது. அவள் நேரே மாயாண்டியிடம் போனாள்.

"நான் என்ன கிடாரமோ, வெண்ட ஆளுக்குத் தூக்கிக் குடுக்க? நீங்கள் ஓமெண்டு சொன்னனீங்களோ?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. ஐயா சொன்னாரு. நான் நின்னேன்."

"நிண்டதுதான் பிழை."

மாயாண்டி வெள்ளையனின் பிடரியைக் கோதினான். "எனக்காக விட்டுக்குடுப்பீங்களா?" என்று கேட்டான்.

"மாட்டன்."

"நல்லதுங்க" என்றான் அவன். "விட்டுக்குடுத்து வாங்குனா வெள்ளையன் மூஞ்சில நான் முழிக்க முடியாது." உண்மையாகவே அவன் முகம் தெளிந்தது. கௌசலாவுக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போயிற்று. கவலை மட்டும் போகவில்லை.

போட்டி நாளுக்குள் இந்தக் கதை துணுக்காய் முழுக்கப் பரவிவிட்டது. சவாரி பார்க்க வந்ததைவிட இதைப் பார்க்க வந்த சனம்தான் கூட. மாயாண்டி முதலில் ஓடினான். ஏழு தடியும் தாண்டி, எட்டாவதில் வெள்ளையனின் பின்னங்கால் உரசியது. தடி ஆடி, ஆடி, விழுந்தது. நாலு புள்ளி. மற்ற மூன்று குதிரைக்கும் அதைவிடக் கூட. கடைசியாகக் கௌசலா இறங்கினாள்.

கணக்கு எல்லோருக்கும் தெரியும். அவள் இரண்டு தடி விழுத்தினால் போதும், கலியாணம்தான். பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து, "பிள்ளை, ரெண்டைத் தட்டிவிட்டுட்டு வா மோனை!" என்று ஒரு குரல் வந்தது. திடலே சிரித்தது. கௌசலாவுக்கும் முதல் மூன்று தடி தாண்டும் வரை அந்த எண்ணம் மனதில் ஓடியது. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் இடப்பக்கத் திருப்பம். அகலமாக எடுக்காமல், கயிற்றைக் கொஞ்சம் இழுத்துக் குறுக்கே வெட்டினால் போதும், செம்பி இரண்டையும் தட்டிவிடும். யாருக்கும் தெரியாது. மாயாண்டி ஒருவனுக்குத்தான் தெரியும்.

செம்பி காதை முன்னுக்கு நிறுத்தி, அவள் சொல்லைக் கேட்டுக்கொண்டு ஓடியது. இத்தனை வருடம் அவள் காட்டிய வழியை அது சந்தேகப்பட்டதில்லை. கௌசலா அகலமாக வளைத்தாள், நேராக்கினாள், கயிற்றை விட்டுக்கொடுத்தாள். ஆறு. ஏழு. எட்டு. ஒன்றும் விழவில்லை.

கைதட்டல் பாதியில் நின்றது. எங்கோ ஒரு பெண் "ச்சா" என்றாள். ஐயாத்துரை பாயில் எழும்பி நின்று, மகள் வென்றதற்குச் சிரிப்பதா, தான் வைத்த பந்தயத்துக்கு அழுவதா என்று தெரியாமல் சால்வையை முறுக்கிக்கொண்டிருந்தார். மீனம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

கௌசலா செம்பியை விட்டிறங்கி, கயிற்றைக் கையில் பிடித்தபடி, நேரே தகப்பனிடம் நடந்து வந்தாள்.

"ஐயா, வெண்டது ஆர்?"

"நீதான் பிள்ளை" என்றார் அவர் சோர்ந்து.

"வெண்ட ஆளுக்குத்தானே பரிசு?"

"ஓம்... ஓம்."

"அப்ப எனக்குப் பரிசு வேணும்." அவள் திரும்பி, வெள்ளையனுக்குப் பக்கத்தில் நின்ற மாயாண்டியைக் கையால் காட்டினாள். "அதைத் தாங்கோ."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. முதலில் சிரித்தவர் ஏரம்பு. தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். பிறகு திடல் முழுக்கச் சிரிப்பு. ஐயாத்துரை மச்சானைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பாரமெல்லாம் இறங்கியது. "வெண்டவள் கேக்கிறாள். நான் குடுக்காமல் விட்டா விதிக்குப் பிழையெல்லோ" என்றார். மாயாண்டிக்குக் காது வரை சிவந்துபோயிற்று. கறுத்த முகத்திலும் அது தெரிந்தது என்று பிறகு ஞானேஸ்வரி எல்லோருக்கும் சொல்லித் திரிந்தாள்.

அந்த வைகாசியிலேயே துணுக்காய்ப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டினார்கள். சோறு அந்தக் கிடாரத்தில்தான் வெந்தது.

கிளிநொச்சிப் பக்கம் திரும்பிப் போகலாம் என்று ஆனதும் எல்லோரும் வட்டக்கச்சிக்கு வந்தார்கள். கூரை போன வீடு, காடு பத்திய வயல். தொண்ணூற்று ஒன்பது பொங்கலுக்குக் கௌசலா பிள்ளை வயிற்றோடு பாயில் இருந்து பார்த்தாள். மாயாண்டி வென்றான். "நான் இல்லாத படியால்தான்" என்று அவள் அன்றைக்கே மூன்று தரம் சொன்னாள். அவன் மூன்று தரமும் "ஆமாங்க" என்றான். மகள் தர்மிளா பிறந்து, தவழ்ந்து, பிடித்து நிற்கத் தொடங்கிய பிறகு, இரண்டாயிரமாம் ஆண்டு பொங்கலுக்கு அவள் மறுபடி இறங்கினாள். உடம்பு கனத்திருந்தது. முழங்கால் நோவுக்கு மீனம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஒரு தடி விழுந்தது. மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று. முதலாம் இடம் திரும்பவும் அவளிடம் வந்தது. அன்று செம்பியின் நெற்றிக்குப் பொட்டு வைக்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

இரண்டாயிரத்தொன்று பொங்கலுக்குச் செம்பி முதல் இரண்டு தடியும் சுகமாகத் தாண்டியது. மூன்றாவதுக்குக் கிட்ட வந்ததும் மெதுவாக நின்றது. பயந்து நிற்கவில்லை, போதும் என்று நின்றது. கௌசலா ஒரு முறை வட்டம் எடுத்து வந்தாள். திரும்பவும் அதே இடத்தில், அதே மாதிரி, அமைதியாக நின்றது. திடல் ஓவென்று கத்தியது. யாரோ அடித்து விரட்டத் துவரந்தடியை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. குனிந்து செம்பியின் கழுத்தைத் தட்டினாள். "ஓம், சரி. காணும்" என்றாள். இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, திடலின் நடுவால் அதைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வாசலுக்கு வந்தபோது தர்மிளா தாத்தாவின் தோளில் இருந்து கையை நீட்டினாள். கௌசலா பிள்ளையை வாங்கிச் செம்பியின் முதுகில் இருத்தினாள். பிள்ளை பிடரியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சித்திரைக்கு ஏரம்பு வந்து, "மருமகள், எனக்குக் கண் தெரியேல்லை. நீ நடுவரா இரு" என்றார். அவளுக்கு ஒரு கதிரையும், குடையும், ஊதுகுழலும் கொடுத்தார்கள். செம்பி பூவரச நிழலில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

மாயாண்டி நன்றாகத்தான் ஓடினான். ஏழாவது தடியில் வெள்ளையன் உரசியது. தடி ஆடியது. அவன் எட்டாவதையும் தாண்டி எல்லைக் கோட்டைக் கடந்தான். கடந்த பிறகுதான் தடி மெல்ல உருண்டு விழுந்தது. கௌசலா ஊதுகுழலை ஊதி, நாலு விரலைக் காட்டினாள்.

மாயாண்டி குதிரையை விட்டிறங்கி ஓடி வந்தான். "ஓடி முடிச்சப்புறம் விழுந்ததுக்கு எப்பிடிங்க புள்ளி போடுவீங்க?"

"தட்டினது எப்ப? கோட்டைத் தாண்ட முந்தியோ, பிந்தியோ?"

"முந்தி. ஆனா விழுந்தது பிந்தி."

"தட்டினபடியால்தானே விழுந்தது. நாலு."

"விதி எழுதுனதே நான்தான்!"

"எழுதினனீங்கள். இப்ப கதிரையில இருக்கிறது நான். நாலு."

சனத்துக்கு நல்ல விருந்து. அந்த நாலு புள்ளியில் முழங்காவில்காரன் முதலாவதாக வந்துவிட்டான். மாயாண்டி அன்று பின்னேரம் முழுக்க அவளோடு கதைக்கவில்லை. வெள்ளையனைக் கழுவினான், கழுவினதையே திரும்பக் கழுவினான். ஐயாத்துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மீனம்மாவின் தேத்தண்ணியைக் குடித்தார்.

விளக்கு வைக்கிற நேரம் கௌசலா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, ரொட்டி ஆறுது."

அவன் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து பார்த்தான். பிறகு எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "சம்பலுக்கு உறைப்புப் போதுமாங்க?" என்று கேட்டான்.

"காணும். இருங்கோ" என்று அவள் தட்டத்தை அவன் பக்கம் தள்ளிவைத்தாள்.